நட்ட கம்பங்களும் வராத அண்ணாவும்

ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் ஆஸ்திரேலிய உதைபந்தாட்டக் கழகத்தைத் தொடங்கியவன் நான். இது பொய். தொடங்கியவர் என் அண்ணா. நான் கம்பம் தூக்கியவன். எட்டாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பிவிட்டது. எழுத்துப் பிழைகளைச் சொந்தங்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணா திருகோணமலையில் பிறந்தவர். நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஓர் ஆஸ்திரேலியர்தான் அவருக்கு அந்த முட்டை வடிவப் பந்தைக் காட்டினார். ஒஸ்லோவுக்கு வந்ததும் அண்ணா பெடியன்களைச் சேர்த்தார். படுக்க இடமில்லாதவனுக்குத் தன் வீட்டு சோபாவைக் கொடுத்தார். எனக்குக் கம்பங்களைக் கொடுத்தார். இந்த ஆட்டத்துக்கு மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பம் வேண்டும். ஞாயிறு காலையில் நான் பிளாஸ்டிக் குழாய்களை நட்டால்தான் ஆட்டம். ஆடத் தெரியாதவனுக்கு அதைவிடப் பெரிய பதவி ஏது?

வேலை, பிள்ளை குட்டி என்று ஆட்கள் குறைந்தார்கள். பக்கத்து நகரமான திராமனின் கழகம் தங்களோடு வந்து சேரச் சொன்னது. சேர்ந்தால் எங்கள் பெயர் அழிந்துவிடும். அண்ணா என் வீட்டில் புட்டுச் சாப்பிட்டபடி, "நான் இருக்குமட்டும் விடமாட்டன்ரா" என்றார்.

அடுத்த ஞாயிறு எல்லாக் கம்பங்களையும் நட்டுவிட்டு நின்றேன். நாயோடு போன ஒரு நோர்வேக்காரியைத் தவிர ஒருவரும் வரவில்லை. அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணா, எங்கை நிக்கிறியள்?"

"திராமனிலை. எல்லாரும் இஞ்சைதான். உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

"நீங்களல்லோ சொல்லவேணும்."

"சொன்னால் குழப்புவாய் எண்டுதான் விட்டனான். குழாயளை விட்டிட்டு வா. இஞ்சை இரும்புக் கம்பம் நிரந்தரமா நிக்குது."

நான் போகவில்லை. எங்கள் கழகம் அன்றோடு முடிந்தது.

அண்ணா நோயில் விழுந்தபோது தினமும் கஞ்சி கொண்டுபோனேன். பந்தைப் பற்றி மட்டும் கதைக்கவில்லை. கடைசியில் அவரே தொடங்கினார்.

"என்னைத் திராமன் உடுப்பிலைதான் அனுப்பவேணும்."

"அப்ப எங்கடை உடுப்பு?"

"அது எனக்கு இப்ப இறுக்கமடா."

நோயில் பாதியாய்ப் போன மனிதர் சொன்ன பொய் அது. அந்தத் திராமன் உடுப்பை அவருக்கு நான்தான் போட்டுவிட்டேன்.

பராமரித்த தாதிமாருக்கும், வீட்டுக்குச் சமைத்துத் தந்த மோர்டென்ஸ்ருட் குடும்பங்களுக்கும் நன்றி. பெட்டி தூக்கிய திராமன் பெடியன்களுக்கும் இந்த நினைவு மலரில் நன்றி எழுதும்படி அண்ணி சொன்னார். எழுதமாட்டேன். ஏனென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களில் ஒருவனாவது எனக்கு

அண்ணி கூப்பிடுகிறார்.

"தம்பி, திவசத்துக்குக் கதிரை கொண்டு திராமன் பெடியள் வந்து நிக்கினம். கதவைத் திறவுங்கோ, என்ரை கையெல்லாம் மா."

திறக்கத்தான் வேண்டும். வெளியே குளிர்.