பலகைக்குள் என்ன இருக்கிறது?

கார்பன் ஃபைபர் தொழிலில் எல்லாவற்றையும் சரிபார்த்துவிடலாம், உள்ளே இருப்பதைத் தவிர. பைப் வைத்துச் சுவரைப் பூசி மூடிவிட்டு, படுத்தால் சொட்டுச் சத்தம் கேட்பதாக நினைத்துக்கொள்பவர்கள் இருப்பீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இதையா?

தாம்பரத்தில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு மேடவாக்கத்திலிருந்து ஸ்டெல்லா டீச்சர் வந்தார். பக்கவாதம் வந்த கணவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாசலில் மூன்று படி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்ல வேண்டும். அது பிடிக்காமல் அவர் சர்ச்சுக்குப் போவதையே நிறுத்திவிட்டாராம். டீச்சர் தனியாகத் தூக்கிப் போட்டு எடுக்கிற மாதிரி ஒரு சாய்வுப் பலகை வேண்டும்.

நடுவில் ஃபோம், மேலும் கீழும் கார்பன் துணி, எல்லாம் ரெசின் என்கிற பசையில் ஊறி இறுகினால் ஒரே பலகை என்று விளக்கி, ஃபோம் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தேன். நகத்தால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது.

"ஏன் தம்பி, டிவி பெட்டிக்குள்ள வருமே, அதையா என் வீட்டுக்காரர் சக்கரத்துக்கு அடியில வைக்கப் போறீங்க?"

மூச்சு

அந்தப் பள்ளத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அதே சந்தேகம். துணியையும் ஃபோமையும் பிளாஸ்டிக் உறையால் மூடி, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சிய பிறகுதான் ரெசினை உள்ளே விட வேண்டும். எங்கேயாவது காற்று கசிந்தால் பலகை முழுக்கக் குமிழி. அன்றைக்கு மீட்டர் முள் மெல்ல இறங்கியது, எங்கேயோ கசிவு. பம்பை நிறுத்திவிட்டு, நானும் என்னோடு வேலை செய்யும் டில்லியும் உறையின் ஓரமாகக் காதை வைத்துக்கொண்டே ஊர்ந்தோம். வெளியே தண்ணீர் லாரி ஹாரன். அது ஓய்ந்ததும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், நான் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது. டில்லி நிமிர்ந்தான்.

"கொஞ்சம் மூச்ச நிறுத்துண்ணா. உன் சத்தம்தான் கேட்டுகினு கீது."

நாணயம்

மடிப்பு ஒன்றில் இருந்த கசிவை அடைத்தோம், ரெசின் ஓடியது, பலகை வந்தது. நாணயத்தால் தட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம்; உள்ளே சரியாக ஒட்டாத இடத்தில் சத்தம் மாறும். நடுவில் ஒரு கோடு முழுக்கச் சத்தம் மாறியது. இருவரும் அங்கேயே ஏறி நின்றோம், குதித்தோம். வளையவில்லை. ஆனாலும் நான் பார்த்தே இராத டீச்சர் வீட்டு சார் விழுவது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பயம் தாங்காமல் அறுக்கும் கிரைண்டரை எடுத்துக் குறுக்கே அறுத்துவிட்டேன்.

உள்ளே ஒரு குறையும் இல்லை. இரண்டு ஃபோம் துண்டுகள் சேரும் இடத்தில் ரெசின் நிரம்பி இறுகியிருந்தது. சத்தம் மாறியது அதனால்தான். டில்லி இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நல்லாத்தான் கீது. இப்போ புதுசா ஒண்ணு போடுவோம், அதையும் அறுத்துப் பாப்பியாண்ணா?"

விரல்

இரண்டாவதை அறுக்கவில்லை. தட்டினால் அதே இடத்தில் அதே சத்தம். ஞாயிறு காலை டீச்சர் அதை ஒரே கையால் தூக்கிப் படியில் சாய்த்தார். சார் வெள்ளைச் சட்டையில் தயாராக இருந்தார். நான் ஓரமாகக் குனிந்து, பலகைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துக்கொண்டேன். ஏன் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். டீச்சர் தள்ள, சக்கரம் நடுவுக்கு வந்து நின்றது. சார் எட்டிப் பார்த்தார். பேச்சு இன்னும் குழறல்தான், ஆனால் நன்றாகவே புரிந்தது.

"தம்பி, கையை எடுங்க. பலகை தாங்கும், உங்க விரல் தாங்காது."

இன்றுவரை நான் செய்த பலகைகளில் சந்தேகமே இல்லாமல் நல்ல பலகை என்று, அறுத்துப் போட்ட அந்த ஒன்றைத்தான் சொல்ல முடியும், அதன் மேல்தான் இப்போது டீ கிளாஸ் வைக்கிறோம்.