பொட்டு வைத்த ஸ்கேனர்

எனக்குச் சரக்கு வைக்க மூணு ஸ்டோர் இருந்துச்சுன்னு சொன்னா இப்ப யாரும் நம்ப மாட்டாங்க. புக்கிட் பெலிம்பிங்ல வீட்டுக்குப் பின்னால ஒன்னு, செரண்டாவுல ஒன்னு, பத்தாங் காலியில ஒன்னு. வாடகை எங்க மலிவோ அங்க புடிச்சது, அதான் மூலைக்கு ஒன்னா கெடந்துச்சு. அகல் விளக்கு, கோலமாவு, ஊதுபத்தின்னு இந்தியாவிலேர்ந்து வரவழைச்சு, மலேசியா பூரா சின்னக் கடைக்காரங்களுக்கு ஆன்லைன்ல மொத்தமா வித்தோம், நானும் என் தம்பியும். தீபாவளிக்கு முந்தின சில வாரந்தான் எங்களுக்குச் சோறு. மிச்ச மாசமெல்லாம் அதை வச்சு ஓட்டணும்.

சாமான் ஸ்டோருக்குள்ள வந்தாலும் ஸ்கேன் பண்ணணும், வெளிய போனாலும் ஸ்கேன் பண்ணணும். கம்ப்யூட்டர் மூணு ஸ்டோரையும் கூட்டி, இவ்வளவு இருக்குன்னு எங்க ஆன்லைன் கடையில காட்டும். நாம தூங்கினாலும் அது பாட்டுக்கு விக்கும். ஆர்டர எடுத்துட்டு சாமான் அனுப்பலன்னா, நமக்குக் கடை போட எடம் குடுத்த ஆன்லைன்காரன் நம்ம கடையையே இழுத்துப் பூட்டிடுவான். அந்த ஒரு பயம் எனக்கு எப்பவும் உண்டு.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு, "ஒரு நாள் கடைய மூடி வைப்போம்டா"ன்னு தம்பிகிட்ட சொன்னேன்.

"சீசன்ல மூடுறதா? சும்மா இரு அக்கா. ஆர்டர் வரட்டும்லா, நாளைக்கு அனுப்பிக்கலாம்"னான்.

பத்தாங் காலியில காலையிலேயே பூஜை முடிஞ்சிருச்சு. ஸ்கேனரக் கழுவாத கொறையா தொடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, சாமி முன்னால வச்சுட்டாரு அங்க ஸ்டோர் பாத்துக்கிட்ட பெரியவர். பொட்டு வச்ச சாமானை மறுநாள் வரைக்கும் தொடக்கூடாது. எங்க வீட்டுலயும் அப்படித்தான். மத்தியானம் தம்பி லோரியோட போய் நின்னான். செரண்டாவுல விளக்கு கம்மியாயிருச்சுன்னு, பத்தாங் காலியில இருந்த விளக்குப் பெட்டி மொத்தத்தையும் ஏத்தினான். ஸ்கேனர எடுக்கப் போனவனைப் பெரியவர் தடுத்திருக்காரு.

"பொட்டு வச்சாச்சு தம்பி. நாளைக்குப் பாத்துக்கலாம்."

இவனும் தலையாட்டிட்டு வந்துட்டான். செரண்டாவுல பூஜை சாயங்காலந்தான். அதனால அங்க எறக்கினதும் ஒழுங்கா ஸ்கேன் பண்ணி உள்ள வச்சான். இப்ப கம்ப்யூட்டர் கணக்குல பத்தாங் காலியிலயும் அதே விளக்கு, செரண்டாவுலயும் அதே விளக்கு. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், பாவி. சுண்டல் சாப்பிடப் போயிட்டான்.

மறுநாள் காலையில சாமி முன்னாலேர்ந்து லேப்டாப்ப எடுத்துத் திறந்தா, ஆர்டர் கொட்டிக் கெடக்கு. மகாலட்சுமியே வீட்டுக்குள்ள வந்துட்டான்னு நெனச்சேன். குதிச்சேன்னே சொல்லலாம். பெரியவருக்குப் போன் போட்டு, விளக்கை எடுத்துக் கட்டச் சொன்னேன்.

"எந்த விளக்கு? நேத்தே தம்பி ஏத்திக்கிட்டுப் போயிட்டாரேம்மா."

செரண்டாவுல எண்ணிப் பாத்தா, ஒரே விளக்கை ரெண்டு தடவை வித்திருக்கோம்; பாதி ஆர்டருக்குத்தான் சாமான் இருந்துச்சு.

கிள்ளான்ல ஒரு கடை விடாம விளக்கு கேட்டுப் பாத்தேன். யார்கிட்டயும் அத்தனை விளக்கு இல்ல. இந்தியாவிலேர்ந்து கப்பல் வர்றதுக்குள்ள தீபாவளியே முடிஞ்சிரும். ஈப்போவுலேர்ந்து ஒரு அக்கா போன்லயே அழுதாங்க. "உன்னை நம்பித்தானேம்மா நான் வேற எங்கயும் வாங்கல"ன்னாங்க. அனுப்ப முடியாத ஆர்டர ஒன்னொன்னா ரத்து பண்ணேன். ரத்து பண்ணப் பண்ண, என் கழுத்த நானே நெரிக்கிறேன்னு நல்லாவே தெரிஞ்சுச்சு. அந்த வாரமே ஆன்லைன்காரங்க எங்க கடையப் பூட்டிட்டாங்க. முறையிட்டுப் பாத்தேன், கெஞ்சினேன். பதில் எழுதுனது மனுசனா மிசினான்னுகூடத் தெரியல. கோலமாவும் ஊதுபத்தியும் மூணு ஸ்டோர்லயும் அடுக்கினது அடுக்கினபடி கெடந்துச்சு. வாங்க ஆளில்ல. ஸ்டோர் சாவிய ஒவ்வொன்னா திருப்பிக் கொடுத்தேன்.

தம்பிய நான் திட்டவே இல்ல. திட்டியிருந்தா அவனுக்காவது ஆறியிருக்கும். இப்ப செரண்டாவுல ஒரு பேக்டரிக்குப் போறான். நான் வேற ஒருத்தர் கிடங்குல பார்சல் கட்டுறேன்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு அவன் மோட்டார்சைக்கிள வீட்டுக்குக் கொண்டாந்து, கழுவி, பொட்டு வச்சான். "நீ என்னக்கா வைக்கிற?"ன்னு கேட்டான். வேலையில நான் வச்சிருக்கிற ஸ்கேனர் கம்பெனியோடது, ஷிப்ட் முடிஞ்சா திருப்பிக் கொடுத்துடணும். எங்கிட்ட ஒன்னுமில்லடான்னேன். அவன் கிண்ணத்துல மிச்சமிருந்த சந்தனத்தைத் தொட்டு என் வலது கையில வச்சான். அதுமேல குங்குமமும் வச்சான்.

பொட்டு வச்சதை அன்னைக்குத் தொடக்கூடாது, வேலை வாங்கக்கூடாது. எனக்கு மத்தியான ஷிப்ட் இருந்துச்சு. பொட்டு அழியாம கையுறைய மாட்டிக்கிட்டு வேலைக்குப் போனேன்.