பெட்டிக்குச் சக்கரம் வைத்தவர்

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் நான் எலக்ட்ரீஷியன். கனமான மின் பெட்டிகளை இடம் மாற்ற, ஆட்களோடு ஒரு மேஸ்திரி வருவார். ஒடிசலான, உயரமான உடம்பு, நரைத்த கிருதா. எந்தச் சந்தில் நுழைந்தாலும் முழங்கையால் அகலத்தை அளந்துபார்ப்பார்.

ஒருநாள் பெட்டி சரிந்து, அவருடைய ஆள் ஒருவரின் கை சுவரோடு நசுங்கியது. அதன்பிறகு நிர்வாகத்தை நச்சரித்து, பெட்டிகளின் அடியில் சக்கரம் பொருத்த ஆரம்பித்தார். முதல் பெட்டி சுலபமாக உருண்டதைப் பார்த்த, ஆட்களை அனுப்பும் கான்ட்ராக்டர், இரண்டு பேர் போதுமென்று மற்றவர்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, இப்டி ஆயிடுச்சே?" என்றேன்.

"யார் கையும் போவக்கூடாதுன்னுதான் செஞ்சேன் நைனா. இப்ப எவனும் எம் மூஞ்சியப் பாக்க மாட்றான்."

"அப்ப சக்கரம் மாட்றத நிறுத்திடுங்களேன்."

அவர் அடுத்த பெட்டிக்குச் சக்கரம் மாட்டக் குனிந்தார். அவர் இடத்தில் நான் இருந்தால் குனிந்திருப்பேனா, தெரியவில்லை.