அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல்

பொழுதுபோக்காகத் தோல் வேலை பழகுகிறவர்களுக்கு உபயோகமாக நாலு விஷயம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கருவி, நூல், எண்ணெய் என்று எழுதிக்கொண்டே போகலாம். அதையும் எழுதுகிறேன். ஆனால் நான் தைத்த ஒரு வாரைப் பற்றிச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் அது ஏமாற்று வேலை. அந்த வார் ஒரு ஆளின் இடுப்பை முறித்துப் போட்டது. அவர் என் தங்கை புருஷன்.

1. கடை

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்களில் போடி பஜாரில் தேவசகாயம் முதலாளியின் தோல் கடையில் வேலை பார்த்தேன். மலை எஸ்டேட்டுகளில் இருக்கிறவர்களுக்கு மணிபர்ஸ், பெல்ட், கைப்பை தைத்துக் கொடுக்கும் கடை. என் கையில் இருந்த கருவிகள் ஐந்துதான். தோல் அறுக்கவும் சீவவும் ஒரு உளி, துளை போட ஒரு குத்தூசி, தையல் ஊசி இரண்டு, தோலைத் தொடைக்கு நடுவில் இடுக்கிப் பிடிக்க ஒரு மரக்கவ்வி. நூலைத் தேன்மெழுகில் மூன்று தரம் இழுத்துவிட்டுத்தான் கோக்க வேண்டும். ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் ஊசி வரும். ஒரு பக்கத் தையல் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு கருவி இன்றைக்கும் போதும். கடையில் விற்கிற மற்ற சாமான்களையெல்லாம் ஆசைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலாளி சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன அடிக்கோல் வைத்திருப்பார். ஒருநாள் நான் தைத்த மணிபர்ஸின் ஓரத்தில் அதை வைத்து எண்ணினார். குமுளிப் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் அப்போது கடையில் இருந்தார்.

"சார், இங்கன பாருங்க. ஒரு இஞ்சுக்குப் பன்னண்டு தையல்! மதுரையில ஒருத்தன் போடுவானா இப்பிடி?"

ரைட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கொள்ளாம், கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சினார். அன்றிலிருந்து பஜாரில் எனக்குப் பன்னண்டு தையல்காரன் என்று பெயர். எனக்குத் தலைக்கனம் ஏறியது. அதை ஒளிக்க விரும்பவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால்கூட அடுத்தவன் செருப்பின் தையலை எண்ணுவேன்.

2. கமலை வார்

என் தங்கை பாப்பாத்தியை மார்க்கையன்கோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை பெயர் மாயாண்டி. அங்கே ஒரு பண்ணையாரின் வெற்றிலைக் கொடிக்காலுக்குக் கமலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் ஆற்றில் தண்ணீர் நின்றுபோய்க் கொடிக்கால் முழுக்கக் கிணற்றை நம்பித்தான் இருந்தது. இந்தக் கோடை தாண்டிக் கொடியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டால், அரை ஏக்கர் நிலத்தை மாப்பிள்ளை பெயருக்குக் குத்தகைக்கு விடுவதாகப் பண்ணையார் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அரை ஏக்கரைத் தவிர அவர்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. எந்த மூலையில் கத்தரி, எந்த மூலையில் மொச்சை என்பது வரைக்கும் தங்கை முடிவு செய்துவிட்டாள்.

கமலை பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. மாடுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு இழுபட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் மேலே வரும். ஓட்டுகிறவர் அந்த வடத்தின்மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். அவருடைய கனமும் சேர்ந்து இழுக்கும். அந்தக் கிணற்றில் வடத்தை நுகத்தடியோடு சேர்த்துப் பிடிப்பது ஒரு தோல் வார். பழைய வார் நைந்துவிட்டது என்று மாப்பிள்ளை அதைக் கழற்றிக்கொண்டு போடிக்கு வந்தார்.

நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அங்குலத்துக்கு நாலு தையல், அதுவும் கோணல்மாணலாக. இரும்பு வளையத்தைச் சுற்றி மடித்த இடம் கட்டை விரல் தடிமனுக்குப் புடைத்துக்கொண்டிருந்தது.

"மாப்ளே, இது வாரா, சாக்கா?"

"என்ன எழவோ மச்சான், ஏழு வருசம் இழுத்துச்சு" என்றார்.

அந்த ஏழு வருஷம் என் காதில் ஏறவில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட நல்ல முதுகுத் தோல் எடுத்தேன். அதில் தப்பில்லை. கனம் தாங்க வேண்டிய வேலைக்கு முதுகுத் தோல்தான். வயிற்றுத் தோல் இழுபட்டு நீண்டுவிடும். மடிப்பு புடைத்துத் தெரியக் கூடாது என்று உளியால் சீவி அந்த இடத்தை மெலிதாக்கினேன். அது முதல் தப்பு. மடிப்பின் குறுக்கே மூன்று வரிசை, அங்குலத்துக்குப் பன்னிரண்டு வீதம் தைத்தேன். அது இரண்டாவது. விளக்கெண்ணெய் தேய்த்து, கறுப்புச் சாயம் கொடுத்து, துணியால் பளபளவென்று துடைத்துக் கையில் கொடுத்தேன்.

மாப்பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாட்டுக்குப் பூட்ட மனசு வரலையே மச்சான். இடுப்புல கட்டிக்கிடலாம் போல இருக்கு."

3. கிணற்றடி

ஒன்பதாம் நாள் தங்கை ஊரிலிருந்து ஆள் வந்தது. சால் நிறைந்து பாதிக்கு மேல் ஏறிய நேரத்தில் வார் அறுந்துவிட்டது. சாலின் கனம் வடத்தைக் கிணற்றுப் பக்கம் வெடுக்கென்று இழுத்தது. வடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை அது தூக்கிக்கொண்டு போய்க் கிணற்று விளிம்பில் இருந்த கமலைக் கல்லில் அடித்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கட்டிலில் வைத்துப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கிணற்றடியில் பண்ணையார் நின்றிருந்தார். கையில் என் வார்.

"நீதான தைச்சது? பாருங்கய்யா, எம்புட்டு நேர்த்தி! புது வாரு. இது எப்பிடித் தன்னால அறும்? பய மாட்டை அடிச்சு வெரட்டிருக்கான். வெட்டி இழுத்ததுல போயிருச்சு."

வாரை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நூல் அறவில்லை. ஒரு தையல்கூட விடவில்லை. குறுக்கே நான் போட்ட துளைகளின் வரிசையோடு, தபால் தலையைக் கிழித்தது போல, தோல் நேர்கோட்டில் கிழிந்திருந்தது. அவ்வளவு நெருக்கமாகக் குத்தினால் துளைக்கும் துளைக்கும் நடுவில் தோல் எங்கே மிச்சம் இருக்கும்? அதிலும் சீவி மெலிதாக்கிய தோல். அதை அறுக்க மாட்டை விரட்ட வேண்டியதே இல்லை.

சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சும்மா நின்றேன். பஜாரில் இருந்த பெயர் போய்விடும் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. இத்தனை வருஷம் யோசித்தும் வேறு நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

"இதே மாதிரி இன்னும் ரெண்டு வாரு தைச்சுக் குடுத்துரு" என்றார் பண்ணையார்.

தைத்துக் கொடுத்தேன். மடிப்பைச் சீவவில்லை. குறுக்குத் தையலே போடவில்லை. வாரின் நீளவாக்கில், அங்குலத்துக்கு நாலு தையல், துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வராதபடி விலக்கிப் போட்டேன். கனம் இழுக்கும் எந்த வாருக்கும் அதுதான் முறை. பண்ணையார் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "முன்னக்கி இருந்த அழகு இல்லையேப்பா" என்றார்.

4. சொன்னது

அரை ஏக்கர் வேறொருவர் கைக்குப் போயிற்று. மாப்பிள்ளைக்கு இடுப்பு சரியாகக் கூடவில்லை. கம்பு ஊன்றி நடக்கலாம், குனிய முடியாது. தங்கை நாற்று நடவும் களை எடுக்கவும் கூலிக்குப் போனாள். நான் மாதாமாதம் ஏதாவது வாங்கிக்கொண்டு போவேன். "எங்கண்ணன் இல்லாட்டி நாங்க என்னாயிருப்போம்" என்று அவள் ஊரெல்லாம் சொல்லுவாள். அதைக் கேட்கும்போது செத்துப்போகலாம் என்றிருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தங்கை ஏதோ எரிச்சலில் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "அன்னைக்கி மாட்டை முடுக்காம இருந்திருந்தா இந்நேரம் நமக்கும் அரை ஏக்கர் காடு இருந்திருக்கும்." மாப்பிள்ளை தலையைக் கவிழ்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார்.

நான் சாப்பாட்டைப் பாதியில் விட்டேன். எழுந்து கையைக் கழுவிவிட்டு, இரண்டு பேரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வார் எப்படிக் கிழிந்திருந்தது, நான் எங்கே சீவினேன், ஏன் சீவினேன், கிணற்றடியில் ஏன் வாயைத் திறக்கவில்லை, எல்லாம். அங்கேயிருந்து நேராகப் பண்ணையாரிடமும் போய்ச் சொன்னேன்.

பண்ணையார் சிரித்தார். "தங்கச்சி புருசனுக்காகப் பரிஞ்சுக்கிட்டு வர்றியாக்கும்? போப்பா. அந்த வாரை எங்கண்ணால பாத்தவன் நான்."

நான் திரும்பி வந்தபோது தங்கை அழுதுகொண்டிருந்தாள். நம்பினாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கிளம்பும்போது மாப்பிள்ளை கம்பை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் கூடவே வந்தார்.

"மச்சான், அவ பேசுனதுக்காக நீங்க பழிய ஏத்துக்கிட வேண்டாம். அன்னைக்கி என்ன நடந்துச்சுன்னு எனக்கே சரியா ஞாபகமில்ல. பண்ணையாரு சொன்னாக, பாத்தவுக எல்லாரும் சொன்னாக. நாந்தேன் முடுக்கியிருப்பேன்."

நான் என் அம்மா மேல் ஆணையிட்டுச் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் என்னைத்தான் சமாதானப்படுத்தினார். யுத்தம் முடிந்த வருஷம் அவர் இறந்துபோனார். தப்பு தன்னுடையது என்ற எண்ணத்தோடேயே போனார்.

தோலில் தப்புச் செய்யாதவர் யாரும் இல்லை. நீங்களும் செய்வீர்கள். செய்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, நாலு பேர் முன்னால் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு வருஷம் கழித்துச் சொன்னேன். அதற்குள் அந்தத் தப்பை அவர் தன்னுடையதாக்கிக்கொண்டுவிட்டார். நான் எவ்வளவு கேட்டும் திருப்பித் தரவில்லை.