குளுவாங் கோகிலம்

பாலோவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் மரம் சீவிப் பாலெடுத்துக்கொண்டிருந்தான் அய்யாவு. மெலிந்த உடம்பு, எவ்வளவு உச்சத்துக்குப் போனாலும் பிசிறாத குரல். கோயில் திருவிழா நாடகங்களில் பெண் வேஷம் என்றால் அவன்தான். அவன் சேலை கட்டி மேடையேறியதும், "எனக்கு இப்படிக் கொசுவம் வைக்க வரலியே" என்று பக்கத்துப் பெண்களிடம் அலுத்துக்கொள்வாள் அவன் மனைவி பேச்சியம்மாள்.

1932இல் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு நாடகக் குழு குளுவாங்கில் கொட்டகை போட்டது. மூன்றாம் நாளே அதன் ஸ்திரீபார்ட் நடிகர் ராஜசேகரன் மலேரியாவில் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனார். குழுவை நடத்திய லெட்சுமணன் வாத்தியாரிடம் யாரோ அய்யாவுவின் பெயரைச் சொல்ல, மறுநாள் அவரே தோட்டத்துக்கு வந்து நின்றார். ரப்பர் விலை விழுந்து, வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருந்த காலம் அது.

"போயிட்டு வாங்க. உங்களுக்கும் ஆசைதானே" என்றாள் பேச்சியம்மாள்.

ஆசைதான். இல்லையென்று அவன் சொல்லவில்லை.

இளவரசி வேஷத்தில் முதல் பாட்டை முடித்தபோது கொட்டகையின் தகரக் கூரை அதிரக் கைதட்டினார்கள். அடுத்த வாரம் நோட்டீஸில் அவனுக்குப் புதுப் பெயர்: குளுவாங் கோகிலம். பத்து பகாட், மூவார், ஜொகூர் பாரு என்று போன இடமெல்லாம் கூட்டம். ஒரு நாள் மூவாரில் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்தான். கோகிலம் ஆணா பெண்ணா என்று இரண்டு பேர் அடித்துக்கொள்ளாத குறையாக வாதாடினார்கள். முகத்தில் சோப்பு நுரையோடு அவன் கேட்டுக்கொண்டிருந்தான். சிரிப்பு வந்தது, உடனே, நான்தான் அது என்று கத்தவேண்டும் போலவும் இருந்தது.

ஆனால் சாயங்காலம் அரிதாரப் பெட்டியைத் திறந்ததும் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்துவிட்டுத்தான் மேடைக்கு வருவான். மேடையில் பயமில்லை, அங்கே அவன் பறந்தான். திரை விழுந்ததும், நாளைக்கு இதே கைதட்டல் வருமா என்ற யோசனை பிடித்துக்கொள்ளும். தொண்டைக்காகப் புளிப்பும் காரமும் விட்டாயிற்று. நிறத்துக்காக வெயிலில் நடப்பதையும் நிறுத்தியாயிற்று.

நான்கு மாதம் கழித்து ராஜசேகரன் தேறி ஜொகூர் பாருவுக்கு வந்து சேர்ந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. வாத்தியார் யோசித்து, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டத்தில் முதல் பாதிக்கு ராஜசேகரன், மறு பாதிக்கு அய்யாவு என்று வைத்தார். ஒரே வேஷம், இரண்டு பேர்.

ராஜசேகரன் அன்று அருமையாகப் பாடினார். பக்கத் திரையோரம் நின்ற அய்யாவுக்கு மெய் சிலிர்த்தது. அந்தப் பிருகா தனக்கு இந்த ஜென்மத்தில் வராது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் கூட்டம், "கோகிலத்தை விடு!" என்று கத்தியது. அவர் பாட்டை ஒரு அடிகூடக் குறைக்காமல் முடித்துவிட்டு உள்ளே வந்து கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். பொட்டை அழித்தார்.

"என்னைவிட நீங்கதான் நல்லாப் பாடினீங்க, அண்ணே" என்றான் அய்யாவு.

"அது எனக்கும் தெரியுது, தம்பி. ஜனங்களுக்கு நாலு மாசம் முன்னாடி வரைக்கும் அது தெரிஞ்சிருந்துச்சு." முகத்தைத் துடைத்தபடியே சொன்னார், "காய்ச்சல் கீச்சல் வராம உடம்பைப் பாத்துக்க." குரலில் பொறாமை இல்லை. அதுதான் அய்யாவுவை என்னவோ செய்தது.

மறு பாதியில் அவன் கொட்டகையையே கட்டிப்போட்டான். பதக்கம் குத்தினார்கள். மறுநாள் காலை வாத்தியார் மூன்று வருஷ ஒப்பந்தத்தை நீட்டினார். சிங்கப்பூர், பிறகு மதராஸ், அதற்கப்புறம் பேசும்படம்கூட வரலாம் என்றார்.

"நான் வீட்டுக்குப் போறேங்க" என்றான் அய்யாவு.

"பைத்தியமாய்யா உனக்கு? ஊரே உன் பின்னாடி வருது."

"வருதுங்க. அது நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னும் வருதான்னு எந்நேரமும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியல."

வாத்தியார் ஒரு நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்து ஓய்ந்தார்.

செவ்வாய்க்கிழமை ரயிலேறுமுன் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று வாங்கிக்கொண்டான். கண்ணில் நீர் வரத் தின்றான். வழியில் ஏறி எதிரே உட்கார்ந்த ஆள், "ஜொகூர்லேர்ந்தா வர்றீங்க? அந்தக் கோகிலம் நாடகம் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாத்தேன்."

"எப்படிலா?"

"பரவால்ல. இப்ப பழைய ஆளே வந்துட்டாராம். அவரு இன்னும் நல்லாப் பாடுறாரு, போய்ப் பாருங்க."

சொன்னபோது நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஆனால் குளுவாங் தாண்டியதும் மூச்சு தானாகவே இலகுவாக வந்தது. ஜன்னலில் தலை வைத்து, வெயில் முகத்தில் விழ உட்கார்ந்திருந்தான்.

பேச்சியம்மாள் சோறு போட்டபடி, "பேரு போச்சேன்னு வருத்தம் இல்லியா?" என்று கேட்டாள்.

"இருக்கு. கொஞ்ச நாளைக்கு இருக்கும்போல. இன்னும் கொஞ்சம் மிளகாய்ச் சம்பல் போடு."

சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டுப் பாயில் விழுந்தவன், மறுநாள் விடியற்காலை வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட வந்தபோதும் தூங்கிக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் எழுப்பவில்லை.