கனகலிங்கத்தின் மாமனார்கள்

தாட்சாயினிக்கு வாய் கொஞ்சம் நீளம். குறும்பு அதைவிட நீளம். மல்லாவியில் ஓர் அச்சகத்தில் எட்டு வருடம் கணினியில் மரண அறிவித்தல் அடித்தவள், பிறகு வவுனியாவில் கனகலிங்கத்திடம் வேலைக்குச் சேர்ந்தாள். வன்னி அச்சகங்கள் பலவும் பாவிக்கிற தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதி விற்பவர் அவர்.

அந்த மென்பொருளுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கக் கைநூல் உண்டு. அதை, எஃப் வண் விசையை அழுத்தியதும் திரையில் விரிகிற உதவிப் பக்கங்களாக மாற்றுவதுதான் அவளுடைய வேலை. 'பக்கம் 143 பார்க்க' என்று வருகிற இடமெல்லாம் இணைப்புப் போட வேண்டும். திரையில் ஏது பக்கம்? கனகலிங்கம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்.

"எங்கட அச்சகக்காரர் இதையெல்லாம் வாசிக்க மாட்டினம், போன்தான் எடுப்பினம். ஆறு மாதத்துக்குள்ள ஆரும் வாசிச்சினம் எண்டு காட்டினீரெண்டால் வேலை நிரந்தரம். இல்லாட்டி பழையபடி புத்தகம்தான், நீர் வீட்டை போகலாம்."

அவளுக்குத் திரும்பவும் மல்லாவிக்குப் போய் மரண அறிவித்தல் அடிக்க மனமில்லை. ஆனால் அச்சகக்காரரை அவள் நன்றாக அறிவாள். அவர்களில் ஒருவரும் புதுக் கோப்பில் வேலை தொடங்குவதில்லை. கடைசியாகச் செத்தவரின் கோப்பைத் திறந்து பெயரை மாற்றுவதுதான் வழக்கம். செத்தவீட்டுக்காரர் வாசலில் நிற்கும்போது எழுத்தளவு, பந்தி இடைவெளி பற்றி யார் தேடுவார்? ஆகவே கைநூலின் ஒழுங்கைக் கலைத்து, 'மரண அறிவித்தல் செய்வது எப்படி' என்ற பக்கத்தை முன்னுக்குக் கொண்டுவந்தாள். அதில் பிரதியெடுக்க ஒரு மாதிரியும் வைத்தாள். செத்தவரின் பெயருக்குப் புள்ளிக் கோடு. கடைசி வரியில் மட்டும், 'கனகலிங்கம் (மென்பொருள் வல்லுநர், வவுனியா) அவர்களின் பாசமிகு மாமனாரும் ஆவார்.' அது பகிடியா பொறியா என்று கேட்டால் அவள் இன்றைக்கும் சொல்ல மாட்டாள்.

ஐந்தாம் மாதம் கனகலிங்கத்தின் மனைவி சிவலட்சுமி அலுவலகத்துக்குள் விறுவிறென்று வந்தார். போனில் மூன்று படங்கள். செட்டிகுளத்தில் ஒன்றும் மல்லாவியில் இரண்டுமாகச் சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவித்தல்கள்.

"என்ரை அப்பா உயிரோட இருக்கிறார். அப்ப இந்த மூண்டு மாமாவும் உங்களுக்கு எந்த வழியில வந்தவை?"

"சத்தியமா எனக்குத் தெரியாதப்பா!" கனகலிங்கம் போனை வாங்கிப் பார்த்தார்.

தாட்சாயினி எஃப் வண்ணை அழுத்தினாள். திரையில் மாதிரி விரிந்தது. மூன்று அறிவித்தல்களின் அடியிலும் வெவ்வேறு அச்சகத்தின் பெயர். புள்ளிக் கோட்டில் செத்தவரின் பெயரை நிரப்பியிருந்தார்கள். கடைசி வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

"ஆரும் வாசிச்சினம் எண்டு காட்டச் சொன்னனீங்கள் சேர்," என்றாள். "மூண்டு அச்சகம் வாசிச்சிருக்கு."

சிவலட்சுமி கதிரையில் அமர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கனகலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். நிரந்தர நியமனக் கடிதத்தில் அன்றைக்கே ஒப்பமிட்டார்.

"முதலில அந்த வரியைத் தூக்கும்," என்றார்.

இரண்டு நிமிடத்தில் தூக்கிவிட்டாள். ஆனால் அடுத்த கிழமையே மல்லாவியில் இன்னொரு மாமனார் காலமானார். அச்சகக்காரர் இப்போது உதவிப் பக்கத்தைத் திறப்பதில்லை, முந்தின செத்தவரின் கோப்பைத்தான் திறக்கிறார்கள். இதுவரை ஏழு மாமனார்கள். கனகலிங்கம் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு செத்தவீடு விடாமல் போய்வருகிறார். போகாவிட்டால், மருமகன் எட்டியும் பார்க்கவில்லை என்று சனம் கதைக்கிறதாம்.