விளக்கெண்ணெய் குடித்த கியர்பெட்டி

செபாஸ்டின் பர்னாந்து ஓட்டிய பிக்கப் வண்டி பீச் ரோட்டில் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. வண்டிக்கு முன்னே விளக்கெண்ணெய் வாசம் வந்துவிடும். யுத்த காலத்தில் கியர் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, விளக்கெண்ணெயை ஊற்றித்தான் அவர் கியர்பெட்டியைக் காப்பாற்றினார். யுத்தம் முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"எம் பிள்ளையளுக்கு ஊத்தப் போனா தெருவத் தாண்டி ஓடும். இது மடக்கு மடக்குன்னு குடிக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

வண்டி சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சியுடையது. முத்தையாபுரம் பக்கம் அவருக்கு உப்பளம் இருந்தது. அங்கே மூடை ஏற்றி, கடற்கரையில் தோணிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் செபாஸ்டினுடைய வேலை. ஏற்றி இறக்க சொரிமுத்து கூட வருவான். அவன் உட்காரும் இடம் டிரைவருக்கு இடது பக்கம்.

உப்பு அந்த வண்டியின் உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. மட்கார்டு உதிர்ந்தது. கதவு விழுந்து, அந்த இடத்தில் பனைநார்க் கயிறு வந்தது. காலுக்குக் கீழே ரோடு ஓடுவது தெரியும். ஆனால் கியர்பெட்டியில் ஒரு பல் உடைந்ததில்லை.

அந்தக் காலத்துக் கியருக்கு ஒரு தடவை கிளச் மிதித்தால் போதாது. மிதித்துக் கியர்க் கம்பியை நடுவே கொண்டுவந்து, காலை எடுத்து, மறுபடி மிதித்துத்தான் அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். இம்மி தப்பினாலும் பல்லோடு பல் மோதி 'கர்ர்' என்று அலறும். செபாஸ்டின் அந்த நேரத்தை 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்ற மாதா ஜெபத்தில் வைத்திருந்தார். 'பிரியதத்தத்தினாலே' என்று முணுமுணுக்கும்போது மிதிப்பார். 'பூரண' என்றதும் காலை எடுப்பார். 'மரியாயே'க்கு மறுபடி மிதி. 'வாழ்க' என்று காலை எடுத்தால் வண்டி வெண்ணெய் மாதிரி நகரும். ஒரு நாளைக்கு எத்தனை கியரோ அத்தனை ஜெபம். மாதா கோயில் வாசலில் அரை நாள் முழந்தாளிட்டவர்கூட அவ்வளவு சொல்லியிருக்க மாட்டார்.

சுதந்திரம் வந்த வருஷம் அவருடைய இடது முழங்கால் வீங்கியது. ஒத்தடம், தைலம் எல்லாம் பார்த்தாயிற்று. கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் வந்தது. ஸ்டீயரிங்கை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். அண்ணாச்சிக்குத் தெரியாமலா இருக்கும்?

ஒருநாள் கொழும்பிலிருந்த அண்ணாச்சியின் மச்சினர் ஒரு அமெரிக்கக் காரை அனுப்பிவைத்தார். பின்பக்கத்தை வெட்டிப் பலகை அடித்துப் பிக்கப் ஆக்கியிருந்தார்கள்.

"இதுல கிளச்சே கிடையாது வே. கியரு தானா மாறும். உம்ம காலுக்காகத்தான் வரவழைச்சேன்" என்றார் அண்ணாச்சி.

செபாஸ்டின் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். பழைய வண்டியை, உப்பு மூடை அடுக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் தள்ளி, ஓலை போட்டு மூடினார்கள்.

முதல் நாள் மூடை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். வண்டி வேகம் எடுத்ததும் வாய் தன்னால் 'பிரியதத்தத்தினாலே' என்றது. இடது கால் தன்னால் மிதித்தது. அங்கே கிளச் இல்லை, அகலமான பிரேக்தான் இருந்தது. வண்டி அடித்துவைத்த ஆணி மாதிரி நின்றது. அன்று பின்னால் மூடைமேல் படுத்து வந்த சொரிமுத்து உருண்டு, முன்கூரை மேலேறி, பானட்டில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, தோணிக்கு என்னையும் சேத்தா அனுப்புதீரு?"

மறுநாள் இடது காலைத் துண்டால் சீட்டோடு கட்டிக்கொண்டுதான் ஓட்டினார். பிறகு பழகிவிட்டது. அந்த வண்டியைக் குறை சொல்லக் கூடாது. ஒரு வருஷத்துக்கு மேல் வலியில்லாமல் அவருக்குச் சோறு போட்டது. ஆனால் ஜெபம் சொல்ல அதில் இடமே இல்லை. எப்போது கியர் மாறியது என்று அதற்குத்தான் தெரியும். "வண்டி என்னயக் கேக்காமயே போவுது. மாமியா வீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்று மனைவி இசபெல்லாவிடம் சொல்வார்.

அதற்கென்று தனி எண்ணெய் கொழும்பிலிருந்து வர வேண்டும். உள்ளே எங்கேயோ கசிந்தது. ஒருநாள் ஓடைப் பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் 'ஓ'வென்று கத்தியது, சக்கரம் சுற்றவில்லை. பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் மதுரை வரைக்கும் இல்லை.

அண்ணாச்சி செபாஸ்டினுடைய வீங்கிய முழங்காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நாசரேத்துல இருந்து கிளாட்வின்னு ஒரு டிரைவர் வாராரு. பழைய வண்டிய அவரு ஓட்டட்டும். நீரு உப்பளத்துல குமிச்ச உப்புக்குக் காவல் இரும் வே. சாப்பாட்டுக்குக் குறை வைக்க மாட்டேன்."

செபாஸ்டின் தலையை ஆட்டினார். மறுநாள் காலையில், வண்டியிடம் சொல்லிக்கொள்ளத்தான் கிட்டங்கிக்குப் பின்னால் போனார். ஓலையை விலக்கி, கியர்பெட்டியின் அடைப்பைத் திருகி, எண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஒரு இரும்புத் தூள் இல்லை. சொரிமுத்து பின்னாலேயே வந்து ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"ஏறும் அண்ணே."

"ஏறி? காலுக்கு எங்கலே போவேன்?"

"காலு எங்கிட்ட இருக்கு. மத்ததெல்லாம் உம்மகிட்ட இருக்குல்லா?" சொரிமுத்து இடது பக்கம் ஏறி நெருங்கி உட்கார்ந்து, தன் வலது காலை நீட்டிக் கிளச்சில் வைத்தான். "இத்தன வருசம் பக்கத்துல இருந்து கேட்டிருக்கேன். ஜெபத்த மட்டும் சத்தமாச் சொல்லும். பிரியதத்தம்னா மிதிப்பேன். பூரணம்னா விடுவேன்."

"பூரணம் இல்லலே, பூரண."

"எனக்குக் கொழுக்கட்டைக்குள்ள இருக்கதுதான் தெரியும். நீரு சொல்லும்."

முதல் தடவை 'கர்ர்' என்று அலறியது. பிழை சொரிமுத்து மேல் இல்லை. செபாஸ்டினுக்குக் குரல் உடைந்து 'மரியாயே' பிந்திவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோயிலில் முன்வரிசையில் நிற்பவர் மாதிரி உரக்கச் சொன்னார். கியர் சத்தமில்லாமல் விழுந்தது. உப்பளத்தில் மூடை ஏற்றிக்கொண்டு, அந்த ஓடைப் பாலத்து ஏற்றத்தையும் தாண்டினார்கள்.

கடற்கரையில் அண்ணாச்சியும் கிளாட்வினும் நின்றார்கள். மூடையோடு வந்த வண்டியைக் கண்டதும் அண்ணாச்சி வேகமாக நடந்து வந்தார்.

"முழங்காலு சரியாயிட்டா வே?"

செபாஸ்டின் கீழே பார்த்தார். அண்ணாச்சி கயிற்றுக்குள் தலையை விட்டு அவரும் பார்த்தார். பெடல்களுக்குப் பக்கத்தில் மூன்று கால் கிடந்தது. ஒன்று சொரிமுத்துவினுடையது, அது இன்னும் கிளச்சை விடவில்லை.

"யாருலே ஓட்டுதது இத?"

"மூணு பேரு மொதலாளி. அண்ணன், நான், மாதா."

அண்ணாச்சி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. திரும்பி, "தம்பி கிளாட்வின், எனக்கு ஒரு லாரி வருது. அதுக்கு நீரு வாரும். இந்த வண்டிக்கு ஆளு இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு ரொம்ப காலம் அந்தப் பிக்கப் ஓடியது. உப்பு தின்று தீர்த்த பலகையை இரண்டு தடவை மாற்றினார்கள். கியர்பெட்டியைத் திறக்கவே இல்லை. அந்தி சாய, கடைசி நடை முடிந்து மாதா கோயிலைத் தாண்டும்போது, விளக்கெண்ணெய் வாசத்தோடு ஜெபமும் தெருவுக்குள் கேட்கும். இசபெல்லா உலையில் அரிசியைப் போடுவாள். 'வாழ்க' என்று செபாஸ்டின் முடிப்பார். சொரிமுத்து காலை எடுப்பான்.